ஊசி நிற்கும் இடம் தைப்பவர் கையில் இருக்கட்டும்

தேநீர் இடைவேளையில் திருப்பூரின் சிறிய ஜாப் ஒர்க் கூடம் ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். ஊசிகள் எல்லாம் நின்றிருக்கும். மேசைக்குக் கீழே மோட்டார்கள் ஓடிக்கொண்டிருக்கும். டெய்லர் எழுந்து போனாலும், அடுத்த கட்டுத் துணி வரக் காத்திருந்தாலும், அறுந்த நூலைக் கோத்துக்கொண்டிருந்தாலும், சுவிட்சை அணைக்கும்வரை அவை ஓடும். பழைய கிளட்ச் மோட்டாரின் இயல்பே அதுதான். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 சுற்று, காலையில் போட்டதிலிருந்து இரவு அணைக்கும்வரை.

இந்த மோட்டாரைக் கழற்றிவிட்டு சர்வோ மோட்டாரை மாட்டுவதும், ஊசி மேலே நிற்க வேண்டுமா கீழே நிற்க வேண்டுமா என்று கட்டளையிட உதவும் சென்சாரைக் கூடவே பொருத்துவதும், கைதேர்ந்த மெக்கானிக்குக்கு அரை நாள் வேலைகூட இல்லை. பெரிய ஏற்றுமதி நிறுவனங்களுக்கு இது பழைய செய்தி. அங்கே மோட்டார் மெஷினின் தலைக்குள்ளேயே வந்துவிட்டது, பெல்ட்டே கிடையாது. நூலைத் தானே வெட்டும் மெஷினை ஜப்பானின் ஜூகி நிறுவனம் 1969இலேயே சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனால், ஐந்தாறு மெஷின்களை வைத்துக்கொண்டு கூலிக்குத் தைப்பவர்கள், ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் சிறு கூடங்கள், பள்ளிச் சீருடை தைக்கும் கூட்டுறவுச் சங்கப் பெண்கள், கடைவீதி டெய்லர்கள் என்று இன்னொரு பெரும்பகுதி இருக்கிறது. அங்கெல்லாம் இந்தச் சிறு கருவி போய்ச்சேர அரசும் தொழில் அமைப்புகளும் பொறுப்பேற்க வேண்டும். அதனால் வரும் பலனில் தைப்பவருக்கும் பங்கு உண்டு என்று தொடக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது முன்னேற்றம்.

காலுக்கும் ஊசிக்கும் நடுவே

கிளட்ச் மோட்டாரில் கனத்த சக்கரம் ஒன்று ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். பெடலை மிதித்தால் கார்க் ஒட்டிய தட்டு அதன் மேல் போய் உரசும்; அந்த உரசலில்தான் பெல்ட் ஓடி ஊசி இறங்கும். வேகமாக ஓட்ட இது போதும். மெதுவாகத் தைக்க வேண்டும் என்றால், தட்டு முழுவதும் ஒட்டிக்கொள்ளாமல் பாதி உரசலிலேயே பிடித்துவைக்க வேண்டும். மேட்டுச் சாலை நெரிசலில் பைக்கை அரை கிளட்சில் பிடித்து நிற்பதைப் போன்றது இது. வேறுபாடு என்னவென்றால், டெய்லர் இதை நாள் முழுக்கச் செய்கிறார். காலர் வளைவு, பாக்கெட் மூலை, தையல் தொடங்கும் இடம், முடியும் இடம் என்று ஒவ்வொன்றிலும் கணுக்காலும் கெண்டைக்காலும் இறுகும். ஒன்றரை ஷிப்ட் முடிந்து எழுந்திருக்கும்போது அந்தக் கால் எப்படி இருக்கும் என்பதைத் திருப்பூரில் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்தக் கால் பக்குவம் பல ஆண்டு உழைப்பில் வந்த திறமை என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரே மிதியில் மூன்று தையல் மட்டும் போட்டு நிறுத்தும் டெய்லர்கள் இருக்கிறார்கள். ஆனால், மோட்டாரின் குறையை ஈடுகட்டவே அந்தத் திறமையின் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. துணியைக் கையாள்வதில், அளவை ஒத்துப்பார்ப்பதில் போக வேண்டிய கவனத்தைப் பெடல் பறித்துக்கொள்கிறது.

சர்வோ மோட்டார் மிதித்தால் சுற்றும், விட்டால் நிற்கும். எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு வேகம். நிமிடத்துக்கு 200 தையல் என்ற நடையிலும் அது திணறாமல் ஓடும். உச்ச வேகம் இவ்வளவுதான் என்று எண் வைத்துக் கட்டவும் முடியும். புதிதாகத் தொழில் பழகுபவருக்கு இது எத்தனை பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து இறங்கும் இளம்பெண்களைக் குறுகிய பயிற்சியோடு மெஷினில் உட்கார வைக்கிறோம். மிதித்ததும் பாயும் மோட்டாரில் அவர்கள் முதலில் கற்பது பயம். வேகத்தை 800இல் கட்டிவைத்துத் தொடங்கி, கை பழகப் பழக ஏற்றிக்கொண்டே போனால், விரல் ஊசிக்குள் போகும் ஆபத்தும் குறையும். பயந்து பாதியில் ஊருக்குத் திரும்புபவர்களும் குறைவார்கள்.

மின்சாரக் கணக்கை எடுத்துக்கொள்வோம். துணியை எடுப்பது, ஒத்துவைப்பது, திருப்புவது, அடுக்குவது ஆகியவற்றிலேயே வேலை நேரத்தின் பெரும்பங்கு போகிறது. பெரும்பாலான தையல் வேலைகளில் ஊசி ஓடும் நேரம் பாதிகூட இராது. மீதி நேரமெல்லாம் கிளட்ச் மோட்டார் வீணாகச் சுற்றுகிறது. இந்த மாற்றத்தால் ஒரு மெஷினில் சராசரியாக 150 வாட் மிச்சமாகிறது என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 10 மணி நேரம், மாதம் 25 நாள் என்ற கணக்கில் 37.5 யூனிட் வரும். யூனிட் 8 ரூபாய் என்றால் மாதம் 300 ரூபாய். பத்து மெஷினுக்கு 3,000. வேலைக்கு வேலை இது மாறும். நீளத் தையலாக ஓடிக்கொண்டே இருக்கும் ஓவர்லாக்கில் மிச்சம் குறைவு. நின்று நின்று தைக்கும் சிங்கிள் நீடிலில் அதிகம். விற்பவர் சொல்லும் சதவீதத்தை நம்ப வேண்டியதில்லை. பிளக்கில் மாட்டும் சிறு மீட்டர் ஒன்றை வாங்கி, இரண்டு மோட்டாரையும் ஒரே வேலையில் ஒரு வாரம் ஓட்டி அளந்துவிட்டு முடிவெடுக்கலாம்.

மின்கட்டணம் 2022 செப்டம்பரில் உயர்ந்த பிறகு குறுந்தொழில்கள் பட்ட பாடு ஊரறிந்தது. நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் எதிர்த்து 2023இல் கொங்கு மண்டலத்தில் கதவடைப்பே நடந்தது. சர்வோ மோட்டார் நிலைக்கட்டணத்தைக் குறைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய மோட்டாரின் பலகையில் 370 வாட் என்று இருக்கும். புதியதில் 550 அல்லது 750 என்று இருக்கும். பலகையில் உள்ள எண்ணைக் கூட்டிப் பார்ப்பவருக்கு இணைப்புச் சுமை ஏறியதாகவே தோன்றும். மீட்டரில் ஓடுவது குறைந்திருக்க, காகிதத்தில் சுமை கூடியதாகக் காட்டி அபராதம் போடும் நிலை வரக்கூடாது. மின்வாரியம் இதற்குத் தெளிவான சுற்றறிக்கை ஒன்று வெளியிட்டால் போதும்.

தோலில் விழுந்த துளை

ஊசி நிற்கும் இடத்தைக் கட்டுப்படுத்துவதன் அருமை பனியனைவிடத் தோலில்தான் நன்றாகத் தெரியும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஷூவின் மேற்பகுதியைத் தைப்பவர்களைக் கவனித்தால் புரியும். துணியில் தையல் தப்பினால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய துளை அழியாது. அந்தத் துண்டு கழிவுதான். பல இடங்களில் அதன் விலை கூலியிலிருந்தே போகிறது.

ஷூவின் முனையில் தையல் திரும்பும் இடத்தில் ஊசி தோலுக்குள் இறங்கி நிற்க வேண்டும். அப்போதுதான் ஃபுட்டைத் தூக்கி, ஊசியையே அச்சாக வைத்துத் தோலைத் திருப்ப முடியும். கிளட்ச் மோட்டாரில் நிறுத்தினால் ஊசி எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் வலக்கையை எடுத்து, கைச்சக்கரத்தைச் சுற்றி, ஊசியை இறக்கி, மறுபடியும் கையைத் தோலுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு ஜோடிக்கு எத்தனை மூலை, ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி என்று பெருக்கிப் பார்த்தால் தோள்பட்டை வலியின் காரணம் விளங்கும்.

பொசிஷனர் எனப்படும் அந்தச் சென்சாரைப் பொருத்தினால், காலை எடுத்ததும் ஊசி கீழே வந்து நிற்கும். குதிகாலால் பெடலைப் பின்னுக்கு அழுத்தினால் மேலே போகும். அதற்குள் இருக்கும் பொறி மிக எளியது. கைச்சக்கரத்தில் சிறு காந்தம். அதன் எதிரே காந்தத்தை உணரும் சென்சார். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒரு முறை ஊசியின் இருப்பிடம் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிந்துவிடும். மோட்டார் தன் சுற்றைத் தானே எண்ணினால் போதாதா என்று கேட்கலாம். மோட்டார் புல்லியும் மெஷின் புல்லியும் ஒரே அளவில் இருப்பதில்லை, பெல்ட்டும் வழுக்கும். எனவே, கணக்கை ஊசியோடு சேர்ந்து சுற்றும் சக்கரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். விலை மலிவு என்று சென்சார் இல்லாத சர்வோவை வாங்கி மாட்டிவிட்டு, ஊசி கண்ட இடத்தில் நிற்கிறதே என்று வருந்துபவர்கள் ஏராளம்.

இதில் ஒரு நுணுக்கம் பலருக்கும் தெரிவதில்லை. கீழே நிற்பது என்றால் ஊசி இறங்கக்கூடிய அடிமட்டத்தில் நிற்பதல்ல. அடி தொட்டு, மேலேறத் தொடங்கி, ஹூக் நூல் வளையத்தைப் பிடித்த பிறகு நிற்க வேண்டும். அதற்கு முன்னால் நிறுத்தித் தோலைத் திருப்பினால் வளையம் நழுவி, சரியாக மூலையிலேயே தையல் விட்டுப்போகும். மேலே நிற்பதிலும் இப்படித்தான். ஊசி துணியை விட்டு வெளியே வந்திருப்பது போதாது, நூலை மேலே இழுக்கும் டேக்கப் லிவர் உச்சியில் இருக்க வேண்டும். இல்லையேல் துணியை இழுக்கும்போது நூல் இறுகும். அடுத்த தையல் தொடங்கும்போது ஊசிக்காதிலிருந்து நூல் உருவிக்கொள்ளும். காந்தத்தை ஒரு விரற்கடை நகர்த்தினால் தீரும் குறைக்கு, மெஷினே சரியில்லை என்று பழிபோடும் கூடங்கள் உண்டு.

தடித்த தோலுக்கு இன்னொரு எச்சரிக்கை. மெதுவான வேகத்தில் சின்ன சர்வோவுக்கு இழுவிசை போதாமல் ஊசி தோலில் சிக்கி நின்றுவிடும். மோட்டார் புல்லியை 90 மில்லிமீட்டரிலிருந்து 45க்கு மாற்றினால் வேகம் பாதியாகும், விசை இரண்டு மடங்காகும். அதுவும் போதவில்லை என்றால் நடுவில் வேகம் குறைக்கும் புல்லித் தொகுதி ஒன்றைச் சேர்க்க வேண்டும். மெதுவாகத் தைப்பதால் ஊசி சூடேறி நைலான் நூல் உருகுவதும் குறையும். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கும் தமிழ்க் கையேடு ஒவ்வொரு மோட்டார் பெட்டிக்குள்ளும் இருக்க வேண்டும். இப்போது கிடைப்பது பெரும்பாலும் சீன மொழியிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் அச்சான ஒற்றைத் தாள்.

சத்தமில்லாத ஆபத்து

சர்வோவின் அமைதியைப் பாராட்டாதவர் இல்லை. வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டிருக்கும் பெண்ணுக்கு, குழந்தை தூங்கும் நேரத்திலும் தைக்க முடிவது பெரிய விஷயம். ஆனால், அந்த அமைதிக்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கிளட்ச் மோட்டார் போட்டிருப்பதை அதன் இரைச்சலே சொல்லிவிடும். சர்வோ போட்டிருக்கிறதா அணைந்திருக்கிறதா என்று காதுக்குத் தெரியாது. ஊசியில் நூல் கோக்கும்போது, ஊசி மாற்றும்போது, கால் தெரியாமல் பெடலில் பட்டால் அந்த நொடியே ஊசி இறங்கும். நூல் கோக்கும் முன் சுவிட்சை அணைப்பது, காலைப் பெடலிலிருந்து முழுக்க எடுப்பது ஆகிய இரண்டும் பழக்கமாக வேண்டும். சுவிட்ச் உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்ட வேண்டும். பெல்ட் மூடியை மோட்டார் மாற்றும்போது கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டாத மெக்கானிக்கை விடக்கூடாது. தாவணியும் கூந்தலும் சிக்குவது அங்கேதான். கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின்தேக்கிகள், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய கையோடு பெட்டியைத் திறக்கக்கூடாது.

பழுது இன்னொரு கவலை. கிளட்ச் மோட்டார் எரிந்துபோனால் பக்கத்துத் தெருவில் காயில் கட்டிக்கொடுப்பார்கள். சர்வோவின் மின்பலகை போனால், பலகையையே மாற்று அல்லது மோட்டாரையே மாற்று என்பதுதான் பதில். பஞ்சுத்தூசி, ஏறி இறங்கும் மின்னழுத்தம், எர்த் சரியாக இல்லாத இணைப்பு ஆகிய மூன்றும் பலகைகளுக்கு எமன். ஒரு கம்பெனியின் பெடல் வயர் இன்னொன்றுக்குப் பொருந்தாது. குறைகாட்டும் எண்களின் பொருள்கூடக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு 2022இல் இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளுக்குத்தான் அதில் இடம். லட்சக்கணக்கானோர் வயிறு கழுவும் தையல் மெஷினுக்கும் அந்த வரிசையில் இடம் வேண்டும். திருப்பூர், ஆம்பூர் பகுதி ஐ.டி.ஐ.களில் சர்வோ பலகை பழுதுபார்க்க ஒரு குறுகிய காலப் பாடம் வைத்தால், காயில் கட்டும் தொழிலாளர்களின் கைத்தொழிலும் அழியாமல் புதுப்பிக்கப்படும்.

மிச்சம் யாருக்கு?

இனி, எனக்கு மிகவும் கவலை தரும் இடத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மூலையிலும் சில நொடிகள் மிச்சமாகின்றன. நாள் முடிவில் அது அதிகப்படியான பீஸ்களாகிறது. பீஸ் ரேட் மாறாமல் இருந்தால் டெய்லருக்குக் கூலி கூடும். ஆனால் நடப்பதென்ன? மெஷின் நல்லா ஓடுதே என்று ரேட்டைக் குறைப்பார்கள். அல்லது மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட்டை ஏற்றுவார்கள். மின்சாரத்தில் வந்த மிச்சம் முழுக்க முதலாளிக்கு. கால்வலியில் வந்த மிச்சத்தையும் டார்கெட் விழுங்கிவிடும். நூலைத் தானே வெட்டும் மெஷின் வந்தால், பிசிறு வெட்டி வயிறு வளர்க்கும் வயதான பெண்களுக்கு வேலை போகும். அவர்களுக்கு வேறு வேலை என்ன என்று யாரும் கேட்பதில்லை.

முதலாளி என்று நான் சொல்லும்போது ஆறு மெஷின் வைத்து, தானும் ஒரு மெஷினில் உட்கார்ந்து தைப்பவரையும் மனத்தில் வைத்தே சொல்கிறேன். அவருக்கு மேலே இருப்பவர் அவரது ரேட்டைக் குறைக்கிறார்; அவர் தனக்குக் கீழே உள்ளவரிடம் குறைக்கிறார். ஆகவே, இது தனிமனித நல்லெண்ணத்துக்கு விடக்கூடிய விஷயமே இல்லை. பின்னலாடை உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் பல ஆண்டுகளாக உட்கார்ந்து பேசிக் கூலி ஒப்பந்தம் போடும் மரபு திருப்பூருக்கு உண்டு. அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம்: மோட்டார் மாற்றியதைக் காரணம் காட்டி பீஸ் ரேட்டைக் குறைக்கக்கூடாது.

உச்ச வேகத்தைக் கட்டும் எண்ணும் தைப்பவர் கைக்கு எட்ட வேண்டும். பல கூடங்களில் அதைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவைக்கிறார்கள். பழகுபவருக்கு அதிக வேகம் ஆபத்து. கைதேர்ந்தவருக்குக் குறைந்த வேகம் கூலி இழப்பு. எந்த வேகத்தில் தன் கை துணியோடு ஒத்துப்போகிறது என்று தைப்பவருக்குத்தான் தெரியும். புதிய மோட்டார்கள் ஊசி ஓடிய நேரத்தையும் போட்ட தையலையும் எண்ணி அலுவலகக் கணினிக்கு அனுப்பவும் செய்கின்றன. மெஷினைப் பராமரிக்க அந்த எண்ணிக்கை உதவட்டும். கழிப்பறைக்குப் போன நேரத்தைக் கணக்குப் பார்க்கும் கண்ணாக அது மாறுவதை ஏற்க முடியாது.

முன்மாதிரி இருக்கிறது

பழைய இயந்திரத்தைத் தூக்கி எறியாமல், அதிலேயே ஒரு கருவியைப் பொருத்தி மேம்படுத்துவதற்கு அரசு பணம் கொடுப்பது புதிதன்று. சாதாரண விசைத்தறியில் பாவு நூலோ ஊடை நூலோ அறுந்தால் தறி தானே நிற்கும் கருவிகளைப் பொருத்த ஒன்றிய ஜவுளி அமைச்சகம் மானியம் தந்தது. 2017இல் தொடங்கிய பவர்டெக்ஸ் திட்டத்தில், பொதுப்பிரிவினருக்கே செலவில் பாதி மானியமாகக் கிடைத்தது. தையலுக்கு இப்படி ஒன்று வரவில்லை. ஆடைத் தொழிலுக்கு வந்த தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி புதிய இயந்திரம் வாங்குபவருக்கே உதவியது. புது மெஷின் வாங்க வசதி இல்லாதவருக்கு, மானியம் பெறவும் வழியில்லாமல் போனது. விசைத்தறிக்கு இரு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரத்தை விலையில்லாமல் தரும் தமிழ்நாடு அரசுக்கு, தையல் கூடத்தில் வீணாகும் யூனிட்டை நிறுத்துவது சுமையாக இருக்காது.

மாநிலத்தின் குறு, சிறு தொழில் துறையில் மின்சிக்கனத்துக்கான திட்டம் இருக்கவே செய்கிறது. எரிசக்தித் தணிக்கை செய்துகொண்டு, அதன் பரிந்துரைப்படி கருவியை மாற்றினால் ஒரு பங்கு மானியம் வரும். ஆறு மெஷின் வைத்திருப்பவர் தணிக்கையாளரைத் தேடிப்போக மாட்டார். கிளட்ச் மோட்டாருக்குப் பதில் சர்வோ என்பதற்குத் தனித்தனித் தணிக்கை தேவையில்லை. பழைய மோட்டாரை ஒப்படைத்து ரசீது காட்டினால் மானியம் என்று விதியை எளிமையாக்கலாம். தையலும் இடம்பெற்றுள்ள கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய்வரை கடனும், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. கடைவீதி டெய்லர்கள் இந்தக் கருவிக்காகவும் அதில் விண்ணப்பிக்கலாம் என்பதை மாவட்டத் தொழில் மையங்கள் எடுத்துச்சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அரசு தன் வீட்டில் தொடங்கலாம். அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புவரை சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு இணை விலையில்லாச் சீருடை தரப்படுகிறது. அதைத் தைப்பவர்கள் சமூக நலத்துறையின் கீழ் இயங்கும் மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். கணவனை இழந்தவர்களும் கைவிடப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. இங்கே கூலியை நிர்ணயிப்பதே அரசுதான் என்பதால், ரேட்டைக் குறைக்காமல் மோட்டாரை மாற்றிக் காட்டுவது அதற்கு எளிது. இந்தச் சங்கங்களில் கிளட்ச் மோட்டாரோடு ஓடும் மெஷின்கள் எங்கெல்லாம் இருக்கின்றனவோ, அங்கெல்லாம் சென்சாருடன் கூடிய சர்வோவைப் பொருத்தி, தமிழில் பயிற்சியும் கொடுத்து, ஓராண்டு மின்கணக்கையும் கூலிக்கணக்கையும் வெளியிட வேண்டும். அடுத்த கல்வியாண்டுச் சீருடைத் துணி சங்கங்களின் வாசலில் வந்து இறங்கும் முன்பே சமூக நலத்துறை இதற்கான ஆணையைப் பிறப்பிக்க வேண்டும்.